பணம் கட்டியவர் எழுதிய பலகை

ஜார்ஜியா மாநிலத்து எல்பர்ட்டன் ஊரின் சதுக்கத்தில் 1898 ஜூலையில் ஒரு கருங்கல் சிப்பாயை நிறுத்தினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்புக்காகச் சண்டையிட்டு மடிந்தவர்களுக்கான நினைவுச் சிலை அது. ஊராருக்கு அதைப் பார்த்ததிலிருந்தே பிடிக்கவில்லை. குட்டைக் கால்கள், பருத்த உடம்பு, கனத்த மேலங்கி. இதெல்லாம் போகட்டும் என்றாலும், தலையில் இருந்த தொப்பி எதிரிப் படையான வடக்கத்தியருடையதைப் போல இருந்தது. செதுக்கியவர் இத்தாலியிலிருந்து வந்த சிற்பி. தென்னகச் சிப்பாய் எப்படி இருப்பான் என்பது அவருக்குத் தெரியாது. சிலைக்கு ‘டச்சி’ என்று கேலிப் பெயர் விழுந்தது. இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1900 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு சிலர் அதை இழுத்துக் கீழே தள்ளினார்கள். கணுக்காலில் முறிந்து விழுந்த சிப்பாயை அங்கேயே குழி வெட்டி முகம் குப்புறப் புதைத்தார்கள். படைத் துரோகிக்குச் செய்யும் அவமரியாதையாம் அது. 1982இல் அவனைத் தோண்டி எடுத்தபோது, மண்ணைப் போக்கக் கார் கழுவும் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பீய்ச்சினார்கள். இப்போது ஊரின் கருங்கல் அருங்காட்சியகத்தில் மல்லாந்து கிடக்கிறான்.

டச்சியின் கதையை அமெரிக்கர்கள் சிரிப்பதற்காகச் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்டின் நினைவுச் சின்னங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது கடினம். சிலையை எழுப்பியது அரசாங்கம் அல்ல, ஊர். பிடிக்காதபோது சாய்த்ததும் ஊர்தான். எந்த அதிகாரியும் வந்து அனுமதி கேட்டாயா என்று கேட்கவில்லை. சாலையோரப் பலகை முதல் நீதிமன்ற வாசலில் நிற்கும் போர்த்தூண் வரை, அமெரிக்காவின் பொது நினைவுகளில் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது. யார் முன்வந்தார்களோ, யார் பணம் திரட்டினார்களோ, அவர்கள் எழுதியதே கல்லிலும் உலோகத்திலும் ஏறியது. படிக்கிறவருக்கு அது அரசின் குரலாக, வரலாற்றின் தீர்ப்பாகத் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சிலை செய்வதற்கு எல்பர்ட்டன்காரர்கள் அந்தச் சிற்பியை நம்பியிருக்கவே வேண்டாம். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் மானுமென்டல் பிரான்ஸ் என்ற கம்பெனி 1870களிலிருந்தே சிப்பாய்ச் சிலைகளை விலைப்பட்டியல் போட்டு விற்றுவந்தது. பெயரில்தான் வெண்கலம், உள்ளே இருந்தது துத்தநாகம். அதற்கு ‘வெள்ளை வெண்கலம்’ என்று கம்பெனியே ஒரு பெயர் சூட்டிக்கொண்டது. ஆளுயரச் சிப்பாய் 450 டாலர். வடக்கத்திய ஊர் கேட்டால் இடுப்புவார்ப் பூட்டில் ஓர் எழுத்து, தெற்கத்திய ஊர் கேட்டால் வேறோர் எழுத்து. உடுப்பில் சிறு மாற்றங்கள். மற்றபடி முகமும் மீசையும், துப்பாக்கியைப் பிடித்து நிற்கும் நிலையும் ஒன்றே. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன போரின் இரு தரப்புக்கும் ஒரே பட்டறை தியாகிகளை வார்த்துக் கொடுத்தது. வியாபாரிக்குப் பக்கம் கிடையாது என்பது சரிதான். ஆனால் தெற்கில் இந்தச் சிலைகள் மிக வேகமாகப் பெருகிய காலம் போர் முடிந்த கையோடு வந்ததல்ல. 1890களிலிருந்து 1920கள் வரை, அதாவது கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிக்கப்பட்டு, இனப்பிரிவினைச் சட்டங்கள் இறுகிய காலம் அது. 1894இல் டென்னஸியில் தொடங்கப்பட்ட ‘கூட்டமைப்பின் புதல்வியர் ஐக்கிய சங்கம்’ ஊர் ஊராக நிதி திரட்டி நிறுத்திய சிலைகள் பெரும்பாலும் நீதிமன்ற வாசல்களில் நின்றன. வழக்குக்குப் போகும் கறுப்பர் ஒவ்வொருவரும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு அச்சு மாறியது, முறை மாறவில்லை. விக்கெஸ்னி என்ற சிற்பி, வலக்கையில் கைக்குண்டை ஓங்கியபடி கம்பிவேலிகளுக்கு நடுவே நடந்துவரும் சிப்பாயை வடித்தார். செப்புத் தகட்டை அச்சில் அழுத்தி அந்த உருவத்தை வேண்டிய எண்ணிக்கையில் செய்யலாம். நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஊர்களில் இன்றும் அதே சிப்பாய் அதே கையை ஓங்கி நிற்கிறான். அவற்றில் முதலாவதாக வந்தவற்றுள் ஒன்று ஜார்ஜியாவின் நாஷ்வில் என்ற சிற்றூரில் நிற்கிறது. அந்த வட்டாரத்துப் பையன்களில் பலர் போர்முனையைப் பார்க்கவே இல்லை. 1918 அக்டோபரில் ஸ்காட்லாந்துக் கரையோரம் ஒட்ரான்டோ கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி உடைந்தபோது கடலில் மூழ்கிப் போனவர்கள் அவர்கள். அவர்களின் பெயர்களுக்கு மேலேதான் கைக்குண்டு வீசும் வீரன் நிற்கிறான்.

சாலையோரப் பலகைகள் மோட்டார் காரோடு வந்தவை. 1920களில் ஃபோர்டு கார்கள் பெருகி, குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றக் கிளம்பியபோது, வழியில் நின்று பார்க்க ஏதாவது இருந்தால் பயணிகள் தங்குவார்கள், பெட்ரோலும் சாப்பாடும் வாங்குவார்கள் என்று மாநிலங்கள் கணக்குப் போட்டன. வர்ஜீனியா 1927இல் முதலாம் எண் நெடுஞ்சாலையோரம் தன் முதல் பலகைகளை நட்டது. வெள்ளி நிறப் பின்னணி, கறுப்பு எழுத்து, தலைப்பக்கம் மாநில முத்திரை. நியூயார்க் அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்கப் புரட்சியின் 150ஆம் ஆண்டையொட்டித் தன் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பென்சில்வேனியாவின் பலகை நீலத்தில் பொன்னெழுத்து. நியூ ஹாம்ப்ஷயருடையது பச்சையில் வெள்ளை. வட கரோலினா 1935இல் சேர்ந்தது. டெக்சஸில் இன்று 16,000க்கும் மேற்பட்ட பலகைகள் நிற்கின்றன.

இவற்றில் கணிசமானவை ஒரே இடத்தில் பிறந்தவை: ஒஹாயோ மாநிலம் மரியெட்டாவில் உள்ள சீவா ஸ்டூடியோஸ். 1927இல் இதைத் தொடங்கியவரின் குடும்பப் பெயர் ஹாஸ். அதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் கம்பெனியின் பெயர் வரும். வேலை முறை பழைய வார்ப்படப் பட்டறை முறைதான். ஓர் அச்சுப்பலகையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒட்டுகிறார்கள். அதன்மேல் ஈர மணலை இறுக்கி, அச்சை எடுத்துவிட்டு, பதிந்த பள்ளத்தில் உருகிய அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் பிசிறு தேய்த்து, வண்ணம் பூசி, எழுத்தின் முகப்புக்கு மட்டும் வேறு வண்ணம் தீட்டுகிறார்கள். ஓர் எழுத்து பிழையாகப் போனாலும் மறுபடி வார்க்க வேண்டும். எனவே வாசகம் சுருக்கமாக இருக்க வேண்டும்; வர்ஜீனியா சுமார் நூறு சொற்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. நூறு சொற்களில் ஒரு கிராமத்தின் இருநூறு ஆண்டுகளை அடக்குவது லேசான வேலையல்ல. எதை விடுவது என்று தீர்மானிப்பவரே வரலாற்றாசிரியர் ஆகிவிடுகிறார்.

பெரும்பாலான மாநிலங்களில் பலகைக்கான செலவை விண்ணப்பிப்பவரே ஏற்க வேண்டும். தேவாலயமோ, பள்ளியின் பழைய மாணவர்களோ, ஒரு குடும்பமோ மனுப் போடலாம். மாநில வரலாற்றுத் துறை ஆதாரங்களைச் சரிபார்க்கும். ஆனால் இது மாநிலத் திட்டத்துக்குள் வரும் பலகைகளுக்கு மட்டும். அதற்கு வெளியே யாரும் தன் நிலத்தில் எதையும் நட்டுக்கொள்ளலாம், தட்டிக் கேட்க ஆளில்லை. 1897இல் இந்த இடத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று அறிவிக்கும் கேலிப் பட்டயம்கூடக் கடைகளில் விற்கிறது. பார்த்தால் அசல் போலவே இருக்கும். ஜே. ஜே. பிராட்ஸ் என்பவர் 2006இல் தொடங்கிய தரவுத்தளம் ஒன்றில் ஆர்வலர்கள் இந்தப் பலகைகளைப் படம் எடுத்துப் பதிந்து வருகிறார்கள். அந்தத் தொகுப்பை 2024இல் நாட்டின் பொது வானொலி ஆராய்ந்தது: 1,80,000க்கும் மேற்பட்ட பலகைகள், அவற்றை நட்டவர்கள் 35,000க்கும் மேற்பட்ட அமைப்புகளும் தனிநபர்களும். பெருந்தோட்டங்களைப் பற்றிப் பேசும் பலகைகளில் பத்துக்கு ஏழு, அங்கே உழைத்த அடிமைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதைவிடச் சொன்னது கொடுமையாக இருந்த இடமும் உண்டு. லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு அன்று, தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின ஆண்களை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் பீரங்கியோடு சூழ்ந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்கள் பலர். இறந்தோர் எண்ணிக்கை அறுபதிலிருந்து நூற்றைம்பது வரை என்று ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். கொலையாளிகள் சிலர் மீது மத்திய அரசு தொடுத்த வழக்கை 1876இல் உச்ச நீதிமன்றமே நீர்த்துப் போகச் செய்தது. ஊர் மயானத்தில் 1921இல் ஒரு கூம்புத்தூண் எழுந்தது. அதில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் இறந்த மூன்று வெள்ளையர்கள். வெள்ளையரின் மேலாதிக்கத்துக்காகப் போராடி வீழ்ந்த வீரர்கள் என்று பட்டவர்த்தனமாக எழுதினார்கள். 1950இல் மாநில அரசே நட்ட உலோகப் பலகை, நடந்ததைக் ‘கலவரம்’ என்றது. தெற்கில் வந்தேறிகளின் கெட்ட ஆட்சி அத்தோடு முடிந்தது என்றும் மனநிறைவோடு சேர்த்துக்கொண்டது. எழுபது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டே போனார்கள். 2021 மே மாதத்தில்தான் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. படுகொலையின் 150ஆம் ஆண்டு நாளில், 2023 ஏப்ரல் 13 அன்று, கொல்லப்பட்டவர்களில் பெயர் தெரிந்தவர்களின் பட்டியலோடு கறுப்புக் கல் நினைவுச் சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முயன்றவர்களில் ஒருவர் அன்று சுட்டவர்களில் ஒருவரின் வழித்தோன்றல். மற்றொருவர் அன்று முதலில் கொல்லப்பட்டவரின் வழித்தோன்றல். மயானத்துத் தூண் அப்போதும் அசையாமல் இருந்தது.

ஒரு கல்லுக்கு இன்னொரு கல் பதில் சொல்ல எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும் என்பதற்கு ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊர் சாட்சி. அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்க ஜான் பிரௌன் 1859 அக்டோபரில் அங்கிருந்த படைக்கலச் சாலையைத் தாக்கியபோது முதலில் செத்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் சுமை கவனித்த சுதந்திரமான கறுப்பர். அவரைக் கொன்றது பிரௌனின் ஆட்களின் குண்டு. வரலாற்றின் இந்தக் கசப்பான விபத்தைக் கூட்டமைப்பின் புதல்வியர் சங்கம் விடவில்லை. 1931இல் ஒரு பெருங்கல்லை நிறுத்தி, ஷெப்பர்டை எஜமானர்களுக்கு உண்மையாக இருந்த கறுப்பினத்தாரின் அடையாளமாக்கியது. அவர் யாருக்கும் அடிமையே இல்லை என்பது பொறித்தவர்களுக்குப் பெரிய தடையாகத் தோன்றவில்லை போலும். அடுத்த ஆண்டு கறுப்பினத்தார் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம், டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ் எழுதிய வாசகத்தோடு, ஜான் பிரௌனைப் போற்றும் பட்டயம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை வைக்க இடம் கொடுக்க வேண்டியது ஸ்டோரர் கல்லூரி. கறுப்பின மாணவர்களுக்காகவே நடந்த கல்லூரி. வாசகம் காரமாக இருக்கிறது என்று அது மறுத்துவிட்டது. பட்டயம் 2006இல்தான் அந்த வளாகத்தில் இடம் பிடித்தது, கல்லூரி மூடப்பட்டு அரை நூற்றாண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் தேசியப் பூங்காத் துறை ஷெப்பர்ட் கல்லைச் சில ஆண்டுகள் மூடி வைத்தது. 1995இல் திறந்தபோது டுபோய்ஸின் கருத்தைச் சொல்லும் விளக்கப் பலகையைப் பக்கத்தில் வைத்தது. மறைப்பதைவிட இது நல்ல வழிதான். ஆனால் கல் பெரியது, விளக்கப் பலகை சிறியது.

போர் நினைவுச் சின்னங்களில் வாசகத்தைவிடப் பெயர்ப் பட்டியல் எளிமையானது, சர்ச்சைக்கு இடமில்லாதது என்று நினைக்கத் தோன்றும். ஓரெகன் மாநிலம் ஹூட் ரிவரில் அது எப்படிப் போனது என்று பார்க்கலாம். நீதிமன்றச் சுவரில் போருக்குப் போன உள்ளூர் வீரர்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள். 1944 நவம்பர் 29 அன்று முன்னாள் படைவீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, அவற்றுள் 16 பெயர்களை வண்ணம் பூசி அழித்தது. பதினாறும் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களின் பெயர்கள். அந்த நேரத்தில் அவர்கள் அமெரிக்கச் சீருடையில் படையில் இருந்தார்கள். குடும்பங்களோ முள்வேலி முகாம்களில். அழிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று ஃபிராங்க் ஹச்சியாவுடையது. பிலிப்பைன்ஸின் லேய்ட்டே தீவில் படை உளவு வேலையில் குண்டடிபட்டு 1945 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்ததும் நாடெங்கும் பத்திரிகைகள் ஹூட் ரிவரைக் காய்ச்சி எடுத்தன. தேசியத் தலைமை அழுத்தம் கொடுக்க, 1945 ஏப்ரலில் பெயர்களை மறுபடி எழுதினார்கள். வெட்கம் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

தெற்கு கரோலினாவின் கிரீன்வுட்டில் யாரையும் அழிக்கவில்லை, பிரித்து வைத்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டயங்களில் ‘வெள்ளையர்’, ‘நிறத்தவர்’ என்று தனித்தனித் தலைப்புகள். கொரியா, வியட்நாம் பட்டயங்களில் அந்தப் பாகுபாடு இல்லை. படையில் பிரிவினையை ஒழிக்க ஆணை பிறந்த பிறகு வந்த போர்கள் அவை. பெயர்களை அகர வரிசையில் ஒன்றாக எழுத ஊர் மேயர் 2014இல் முயன்று, நன்கொடையும் திரட்டினார். குறுக்கே நின்றது மாநிலத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம்: போர் நினைவுச் சின்னத்தில் கைவைக்கச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று அது அப்போது சொன்னது. இறந்த இரு சிப்பாய்களின் பெயர்களை அடுத்தடுத்து எழுத நீதிமன்றப் படி ஏற வேண்டிவந்தது. 2018இல்தான் புதிய பட்டயங்கள் பொருத்தப்பட்டன.

சட்டத்துக்குக் காத்திராதவர்களும் உண்டு. நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே சதுக்கத்தில் 1868இல் எழுப்பிய சிப்பாய்கள் தூணில், பழங்குடிகளைக் ‘காட்டுமிராண்டி’ என்று குறித்த சொல் இருந்தது. 1974இல் ஒருவர் கட்டடத் தொழிலாளி போலத் தலைக்கவசம் அணிந்து, பட்டப்பகலில் உளியோடு வந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டுப் போனார். வேலை ஆள் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. வாக்கியத்தின் நடுவே அந்தப் பள்ளம் நாற்பத்தாறு ஆண்டுகள் இருந்தது. 2020 அக்டோபரில் போராட்டக்காரர்கள் தூணையே சாய்த்தார்கள். மினசோட்டாவின் மன்கேட்டோவில் 1862 டிசம்பர் 26 அன்று 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டதற்கு, ஊர் 1912இல் கிட்டத்தட்ட நான்கு டன் எடையுள்ள கருங்கல்லை நிறுத்தியது. இரங்கலும் இல்லை, வருத்தமும் இல்லை. இங்கே இத்தனை பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்ற தகவல் மட்டும். 1971இல் அதை அகற்றி நகராட்சிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் அங்கிருந்தும் காணாமல் போனது. நான்கு டன் கல் எப்படித் தொலையும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இப்போது அந்த இடத்தருகே 2012இல் வைத்த நினைவுச் சின்னத்தில் முப்பத்தெட்டுப் பேரின் பெயர்களும் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட அதிகம் அடிபட்டது மிசிசிப்பியின் ஒரு பலகை. பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் 1955 ஆகஸ்டில் கடத்தப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டு, டல்லஹாச்சி ஆற்றில் வீசப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, சம்னர் நீதிமன்றத்தில் கொலையாளிகள் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே பத்திரிகை ஒன்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக் காலம் அந்த வட்டாரத்தில் இதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை. 2007 அக்டோபரில் கவுன்டி நிர்வாகம் டில் குடும்பத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு, உடல் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஆற்றங்கரையில் ஊதாநிறப் பலகை வந்தது. சில மாதங்களில் யாரோ அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். இரண்டாவது பலகையைத் துப்பாக்கியால் சுட்டார்கள், ஒரு முறையல்ல, ஆண்டுக்கணக்கில். மூன்றாவது 2018இல் வைத்த 35ஆம் நாளே குண்டடி பட்டது. 2019 அக்டோபரில் நட்ட நான்காவது, குண்டு துளைக்காத எஃகு. எடை 225 கிலோவுக்கு மேல். வரலாற்றுப் பலகைக்குப் போர்க்கவசம் போட வேண்டிவந்த நாடு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

துளைபட்ட பழைய பலகையை அவர்கள் குப்பையில் போடவில்லை. 2021இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் வரலாற்று அருங்காட்சியகம் அதை அப்படியே காட்சிக்கு வைத்தது. நியாயமான முடிவு. பலகையில் அச்சிட்ட வாசகம் 1955ஐப் பற்றிச் சொன்னது. ஓட்டைகள் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றிச் சொல்லின. பார்வையாளர்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

சுடாமலும் இடிக்காமலும் பலகையை அகற்ற முடியும் என்பதை நியூ ஹாம்ப்ஷயர் காட்டியது. எலிசபெத் கர்லி ஃபிளின் 1890இல் அம்மாநிலத் தலைநகரான காங்கார்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தொழிற்சங்க மேடையேறியவர். 1912இல் லாரன்ஸ் நகர நெசவாலை வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். அமெரிக்கக் குடிமைச் சுதந்திரங்கள் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, சிறை சென்று, அதன் தேசியத் தலைவரானார். 1964இல் மாஸ்கோவில் இறந்தார். உள்ளூர் ஆர்வலர்கள் முறைப்படி விண்ணப்பித்து, மாநில வரலாற்றுத் துறை சரிபார்த்து, 2023 மே 1 அன்று பச்சைப் பலகை ஒன்றை நட்டார்கள். அவர் கம்யூனிஸ்ட் என்பதும் சிறை சென்றதும் அதில் மறைக்கப்படவில்லை. மாநில நிர்வாகக் குழு உறுப்பினர்கள் இருவர், இவருக்கா மரியாதை என்று கொதித்தார்கள். இரண்டு வாரத்தில் பலகை போய்விட்டது. வாசகத்தில் பிழை இருக்கிறது என்பது யாருடைய வாதமாகவும் இருக்கவில்லை.

அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் லிங்கன் என்ற ஊர். 1961 செப்டம்பரில் ஒரு நள்ளிரவு, பெட்டி, பார்னி ஹில் என்ற தம்பதி காரில் வரும்போது பறக்கும் தட்டு ஒன்றை நெருங்கிப் பார்த்ததாகவும், இரண்டு மணி நேரம் அவர்களுடைய கணக்கிலிருந்து காணாமல் போனதாகவும் அங்கே 3ஆம் எண் சாலையோரம் ஒரு பலகை சொல்கிறது. ‘என்று கூறினார்கள்’ என்ற தற்காப்புகூட முதல் வாக்கியத்தில் இல்லை; நேர்ந்தது என்றே எழுதியிருக்கிறது. அதே மாநில முத்திரை, அதே பச்சை நிறம். 2011இல் நட்டது, சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.